சம்பந்தி எடுத்த சரக்கு

திவாலான கம்பெனிகளின் சாமான்களை ஏலம் விட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. எங்கள் பிஷ்கெக் நகரத்தில் ஒரு கம்பெனி மூழ்கினால் முதலில் ஓடுவது முதலாளி, அடுத்து ஓடுவது கணக்குப்பிள்ளை, எல்லோரும் போன பிறகு வந்து சேர்பவள் நான். மேசை, நாற்காலி, பிரசங்க மேடை, பல் பிடுங்கும் நாற்காலி வரைக்கும் விற்றிருக்கிறேன். ஆனால் பழைய கம்ப்யூட்டர் ஏலம் என்றால் மட்டும் எனக்குக் காலையிலேயே எரிச்சல் வந்துவிடும். சாமான் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வருகிற ஆட்களைத்தான் பிடிக்காது.

கப்பல் கண்டெய்னர்களையே கடைகளாக அடுக்கிய எங்கள் சந்தையில் பழைய கம்ப்யூட்டருக்கென்றே ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசைக் கடைக்காரர்கள் ஒரு சிண்டிகேட். ஏலத்துக்கு முந்தின நாள் ஆட்டுக்கறியை உள்ளே வைத்துக் கொழுக்கட்டை மாதிரி அவித்த மந்தி என்ற பலகாரத்தைத் தின்றுகொண்டே, யார் எதை எடுப்பது என்று பிரித்துக்கொள்வார்கள். மறுநாள் கூடத்தில் ஒருத்தன் ஏலம் கேட்கும் எண் அட்டையைத் தூக்கினால் மற்றவன் காதைக் குடைந்தபடி கூரையைப் பார்ப்பான். சரக்கு ஆரம்ப விலைக்கே போய்விடும். பிறகு வாசலில் நிற்கும் வேனுக்குள் அவர்களுக்குள்ளேயே இன்னொரு ஏலம் நடக்கும். நிஜமான விலை அங்கேதான். சம்பளம் வராமல் தெருவில் நிற்கிற தொழிலாளிப் பெண்களுக்குப் போக வேண்டிய காசு அந்த வேனுக்குள் போய்விடும். இது எனக்குத் தெரியும், பக்கத்தில் உட்காரும் அதிகாரிக்குத் தெரியும், வாசலில் சூரியகாந்தி விதை விற்கிறவளுக்கும் தெரியும். ஆனால் கையைத் தூக்காமல் இருப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லையே.

அந்த வரிசைக்குத் தலைவன் ஜூமாகசி. குரலில் வெண்ணெய் வழியும். என்னை வாய் நிறைய அக்கா என்பான், பண்டிகைக்குத் தேன் அனுப்புவான். நான் தேனைத் தின்றுவிட்டு அவனைத் திட்டுவேன். அவன் யாரிடமும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கத்துகிற ஆளைப் பார்த்தால் ஒதுங்கிப் போகலாம், இவனை மாதிரி ஆளிடம் எப்படி ஒதுங்குவது?

அந்த வருஷம் மூழ்கியது பெரிய தையல் கம்பெனி ஒன்று. கம்ப்யூட்டர் மட்டும் நூறு இருக்கும், சர்வர் இருந்தது, மானிட்டர்கள் குவியலாகக் கிடந்தன. இதெல்லாம் வரிசைக்காரர்களுக்கு. எட்டாம் எண் சரக்கு மட்டும் வேறு மாதிரி. சட்டைக்கோ கோட்டுக்கோ துணி வெட்டும் மாதிரியைக் கம்ப்யூட்டரில் வரைந்தால், ஆள் அகலத்துக்குக் காகிதத்தில் அப்படியே கோடு இழுத்துத் தரும் பிளாட்டர். கம்ப்யூட்டர், வரையும் பலகை, பிளாட்டர் மூன்றும் சேர்த்து ஒரே சரக்கு. அதைக் கேட்டு வந்தவர் கேரிம்குல்.

கேரிம்குல் ஊருக்கு வெளியே ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தில் தையல் கூடம் வைத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் தைத்தார்கள். மாதிரி வரைந்தது அவருடைய ஒரே மகள் பெர்மெத். காகிதத்தைத் தரையில் விரித்து, முழங்காலிட்டு, அளவுகோல்கூட அதிகம் தொடாமல் கோடு போடுவாளாம். போன இலையுதிர் காலத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா பெகாலி, தொக்மோக் சாலையில் வைக்கோலும் பார்லியும் விற்பவர், நாலு பேர் மதிக்கிற குடும்பம். அந்த வீட்டில் மருமகள் வேலைக்குப் போகும் வழக்கம் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அனுப்பி வையுங்கள் என்று கேரிம்குல் கேட்டிருக்கலாம். பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தியிடம் அப்படி வாய் விட்டுக் கேட்பானா? அதிலும் சீர் கொண்டு போன அன்றே, மெத்தைகளை விருந்தாளிகள் முன்னால் எண்ணிப் பார்த்து, "எங்க மூத்த மருமக இதைவிட ஜாஸ்தி கொண்டுவந்தா" என்று மாமியார் சொல்லியிருந்தாள். அந்தச் சொல்லை இவர் மறக்கவில்லை.

பெண் போனதும் கூடத்தில் கோடு போட ஆள் இல்லை. வெளியே வரையக் கொடுத்தால் நாள் கணக்கில் காக்க வைத்தார்கள். தையல்காரிகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு பேர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். இந்த யந்திரம் கிடைத்தால் கூடம் பிழைக்கும், இல்லையென்றால் குளிர்காலக் கோட்டுக்கு முன்னாலேயே பூட்டுப் போட வேண்டியதுதான். சாமான் பார்க்கும் நாளில் வந்து, மூடியிருந்த பிளாஸ்டிக்கை விலக்கி, பிளாட்டரின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னிடம் இதையெல்லாம் சொன்னார்.

"எம்பொண்ணு கைக்கு அப்புறம் இதுதான்க்கா. இது இல்லேன்னா நான் முடிஞ்சேன்."

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. ஏலத்துக்குப் புதுசு என்பதால் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். அட்டையைத் தூக்கினால் இறக்கக் கூடாது, வரிசைக்காரர்கள் மிரட்டுவது போல விலையை ஏற்றுவார்கள், பயப்படக் கூடாது, ஏற்றி ஏற்றி எங்கே விட்டாலும் கடையில் வாங்குவதைவிட மலிவுதான் என்றேன். எத்தனை ஏற்றினாலும் விடப்போவதில்லை என்று சொன்னார். அவர் பேசும்போது நாலடி தள்ளி, மானிட்டர் குவியலைக் கிளறுகிற பாவனையில் ஜூமாகசி நின்றிருந்தான்.

ஜூமாகசிக்கு விஷயம் முன்பே தெரியும். கேரிம்குல் இதே மாதிரி யந்திரம் கேட்டு மூன்று தடவை அவன் கடைக்குப் போயிருக்கிறார். அவன் ஒரு விலை சொல்லி, வரும்போது சொல்கிறேன் என்று தேநீர் கொடுத்து அனுப்பியிருக்கிறான். இப்போது அந்த ஆள் நேராக ஏலத்துக்கே வந்து நிற்கிறார். போட்டி போட்டு ஏற்றினால் லாபம் போய்விடும். விட்டுக்கொடுத்தால் அதைவிட மோசம். ஒரு தையல்காரன் ஏலத்தில் நேரடியாக எடுத்துவிட்டான் என்று தெரிந்தால் நாளைக்கு ஊரில் உள்ள அத்தனை தையல்காரனும் பள்ளிக்கூடத்துக்காரனும் அட்டை வாங்க வரிசையில் நிற்பான். அவன் கடை எதற்கு, வேன் எதற்கு? ஆகவே கேரிம்குல் கையைத் தூக்கவே கூடாது. அடித்துப் போடவோ மிரட்டவோ அவன் ஆள் அனுப்பவில்லை. அந்த ஆளுக்கு யார் சம்பந்தி என்று மட்டும் விசாரித்தான்.

ஏலத்தன்று கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தோம். கேரிம்குல் எல்லோருக்கும் முன்பே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, எண் எழுதிய அட்டையை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வரிசைக்காரர்கள் பின்னால் கும்பலாக இருந்தார்கள். ஏலம் தொடங்கி ஐந்தாறு சரக்கு போயிருக்கும், கதவைத் திறந்துகொண்டு வெள்ளைக் கல்பாக் குல்லாயோடு பெகாலி உள்ளே வந்தார். அவர் கையிலும் ஓர் அட்டை இருந்தது.

பெகாலிக்குச் சூது தெரியாது, அதை நான் சொல்லியாக வேண்டும். ஜூமாகசியும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஒருவர் பெயரில் இத்தனை சரக்குக்கு மேல் எடுக்க முடியாது, உன் பெயரைக் கொஞ்சம் கொடு, நான் இருமினால் அட்டையைத் தூக்கு, அது போதும் என்று சொல்லி அழைத்து வந்திருக்கிறான். முன்பணத்தையும் இவனே கட்டியிருக்கிறான். அங்கே சம்பந்தி இருப்பார் என்று பெகாலி கனவிலும் நினைக்கவில்லை. பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகக் கையை விரித்துக்கொண்டு வந்தார்.

கேரிம்குல் எழுந்து நின்றார். சம்பந்தி வந்தால் எழுந்து நல்ல இடத்தைக் கொடுக்காதவன் எங்கள் ஊரில் மனிதனே இல்லை. தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டு, தான் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தார். நகரும்போது மடியிலிருந்த அட்டை தொடைக்கு அடியில் போய்விட்டது. அதை நான் மேடையிலிருந்து பார்த்தேன்.

"நீங்க எங்க சம்பந்தி இந்தப் பக்கம்?" என்று பெகாலி கேட்டார்.

"சும்மாதான். வேடிக்கை பாக்க வந்தேன். நீங்க?"

"ஒரு சாமான் எடுக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு. நண்பனுக்காக எடுக்கிறேன் என்று பெகாலி சொல்லியிருக்கலாம். ஆனால் பெயரை இரவல் கொடுப்பதைக் கூடத்தில் உரக்கச் சொல்ல முடியுமா? எட்டாம் எண் சரக்கு எனக்கு வேண்டும் என்று கேரிம்குல் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது சம்பந்தியிடம் கை நீட்டுவது ஆகிவிடும். இரண்டு பேரும் வீட்டார் நலம், ஆடு நலம், மழை எல்லாம் விசாரித்துக்கொண்டார்கள். எனக்கு மேடையிலிருந்து செருப்பைக் கழற்றி எறியலாமா என்றிருந்தது.

எட்டாம் எண்ணை அறிவித்தேன். பின்னால் ஜூமாகசி இருமினான். பெகாலி அட்டையைத் தூக்கினார், அட்டை தலைகீழாக இருந்தது.

கேரிம்குல் முதலில் அட்டையைப் பார்த்தார், பிறகு சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். தன் மகளின் மாமனார், தன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் யந்திரத்தைக் கேட்கிறார். எதிர்த்துக் கை தூக்கினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று சாயங்காலமே அந்த வீட்டில், நாலு பேர் நடுவில் உங்கப்பன் என்னோடு போட்டிக்கு நின்றான் என்று மருமகளின் தலையில் விடியும்.

ஒரு தரம் என்றேன். தண்ணீர் குடித்தேன். சரக்கின் விவரத்தை மறுபடி ஒரு முறை முழுசாக வாசித்தேன். இரண்டு தரம் என்றேன். இந்த விலைக்கு இதன் மேசைகூடக் கிடைக்காது என்று, சொல்லக் கூடாததைச் சொன்னேன். அதிகாரி திரும்பி முறைத்தார். கேரிம்குலின் வலது கை தொடைக்கு அடியில் போயிற்று, அட்டையைப் பிடித்தது, பிறகு வெறுங்கையாக வெளியே வந்து தாடையைத் தடவிற்று. அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையைப் பார்த்து எனக்கு வந்த கோபம் ஜூமாகசி மேல்கூட வந்ததில்லை. மூன்று தரம் என்று சொல்லிச் சுத்தியலை அடித்தேன். சரக்கு ஆரம்ப விலைக்கே போயிற்று.

இதோடு முடிந்திருந்தால் ஒரு மனிதன் யந்திரத்தை இழந்தான் என்று விட்டுவிடலாம். ஏலம் முடிந்து பெகாலி என் மேசையில் கையெழுத்துப் போட வந்தார். கேரிம்குலும் கூடவே வந்தார். புதுசாக ஒன்றை வாங்கியவரைப் பார்த்தால் வாழ்த்திக் கையில் கொஞ்சம் பார்வைப் பணம் வைப்பது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தையும் அவர் விடவில்லை. பையில் கை விட்டு ஒரு ஆயிரம் சோம் நோட்டை எடுத்து, நன்றாகப் பலன் தரட்டும் என்று வாழ்த்தி, சம்பந்தியின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

பெகாலி சிரித்தார். "எனக்கெதுக்கு சம்பந்தி இது? எனக்கு இதை எப்படி ஓட்டறதுன்னே தெரியாது. நம்ம ஜூமாகசிக்காகக் கை தூக்கினேன்."

ஜூமாகசி அங்கேயே நின்றிருந்தான். கேரிம்குலின் தோளில் மெதுவாகக் கை போட்டான்.

"உங்களுக்குத்தானே அண்ணே இந்த மெஷின் வேணும்னு மூணு தடவ வந்து கேட்டீங்க? எடுத்து வெச்சிருக்கேன். விலை மட்டும் இப்ப மூணு பங்கு."

பெகாலிக்கு விஷயம் உறைக்கச் சிறிது நேரம் ஆயிற்று. உறைத்ததும் முகம் சிவந்துவிட்டது. என் சம்பந்திக்கு எதிராகவா என்னைக் கை தூக்க வைத்தாய் என்று ஜூமாகசியின் சட்டையைப் பிடித்தார். நான் மூக்கை நுழைத்தேன். காகிதத்தில் இருப்பது பெகாலியின் பெயர், சட்டப்படி சரக்கு அவருடையது, முன்பணத்தை அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும் என்றேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது இந்தப் பயலுக்கு ஓர் அடி விழுமென்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பெகாலி காகிதத்தை எடுத்துக் கேரிம்குலிடம் நீட்டினார். "புடிங்க சம்பந்தி. இது உங்களுக்கு என் பரிசு. நான் காசு கட்டிக்கறேன்."

கூடத்தில் இருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசைக்காரர்கள் மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். கேரிம்குல் காகிதத்தைப் பார்த்தார். அவர் மனசில் அன்று சம்பந்தியம்மா எண்ணிப் பார்த்த மெத்தைகள்தான் ஓடியிருக்கும். சீரில் குறை வைத்தவன், இப்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து யந்திரமும் வாங்கிக்கொண்டான் என்று பெயர் வரும். அவர் ஓர் அடி பின்னால் வைத்தார்.

"எனக்கு எதுக்கு சம்பந்தி? எனக்கு வேணாம். வேடிக்கை பாக்கத்தான் வந்தேன்."

பெகாலி இரண்டாம் முறை நீட்டினார். இவர் மறுத்தார். மூன்றாம் முறை நீட்டும்போது பெகாலியின் குரலில் சிரிப்பு குறைந்திருந்தது. இவர் மறுபடியும் வேண்டாம் என்றார். அதுவரைக்கும்கூடப் பரவாயில்லை, கூச்சப்படுகிறார் என்று போயிருக்கும். அப்போது ஜூமாகசி தன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"வேணாம்னு இல்ல பெகாலி. அவருக்கு உயிர் போற அவசரம். எங்கிட்டன்னா வாங்கிக்குவாரு. உங்கையால வாங்கத்தான் மனசு வரல."

பெகாலி சம்பந்தியை ஏற இறங்கப் பார்த்தார். அது பொய் என்று கேரிம்குல் சொல்லவேண்டும் என்று காத்திருந்தார். கேரிம்குல் தலையைக் குனிந்துகொண்டார். பெகாலி காகிதத்தை ஜூமாகசியின் காலடியில் போட்டார். உள்ளங்கையில் இருந்த ஆயிரம் சோம் நோட்டை என் மேசையில் வைத்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார். ஜூமாகசி குனிந்து காகிதத்தை எடுத்து, தூசி தட்டி, நாலாக மடித்துப் பையில் வைத்தான். போகும்போது என்னிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

கேரிம்குல் எப்படியும் தன்னிடம் வருவார் என்று ஜூமாகசி யந்திரத்தைக் கடைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தான். கேரிம்குல் போகவில்லை, போகவும் முடியாது. சம்பந்தி சும்மா கொடுத்ததை மறுத்துவிட்டு, அதையே கடைக்காரனிடம் காசு கொடுத்து வாங்கினால் அது முகத்தில் துப்புவது போலாகும். வேறு யாருக்கும் அந்தச் சாமான் தேவைப்படவில்லை. இடத்தை அடைக்கிறது என்று ஜூமாகசி பிளாட்டரைப் பிரித்து மோட்டாரைத் தனியாக, கம்பியைத் தனியாகக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டான். கம்ப்யூட்டரைத் துடைத்து பையன்கள் வீடியோ கேம் ஆடும் ஒரு கடைக்கு விற்றான். அவனுக்கு அதில் நஷ்டம்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு தையல்காரனும் ஏலத்துக்கு வரவில்லை. அந்த நஷ்டம் அவனுக்கு வலித்திருக்குமா என்ன?

பனி உருகும் சமயத்தில் ஒரு பெண் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தாள். தலையில் மருமகள் கட்டும் முக்காடு, கையில் பால் கேன். பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். நான் பெர்மெத் என்று அவள் சொல்வதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, அப்பாவின் தாடை அப்படியே இருந்தது.

எங்கள் வீடுகளில் காலையில் மருமகள் குனிந்து வணங்கினால் மாமனார் நல்லா இரும்மா என்று ஒரு வார்த்தை சொல்வார். ஏலம் நடந்த மறுநாளிலிருந்து பெகாலி அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. அவள் குனிந்தால் டிவியின் சத்தத்தைக் கூட்டுகிறாராம். அவர் நிமிரச் சொல்லாமல் நிமிரலாமா கூடாதா என்று தெரியாமல் இவள் குனிந்தபடியே நிற்கிறாளாம், மாமியார் தாண்டிப் போகிறாளாம். எங்கள் காசு சம்பந்தி வீட்டாருக்குத் தீட்டு என்று மாமனாரும் மாமியாரும் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிறார்கள். புருஷன் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறான். அப்பா என்ன செய்தார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அதைக் கேட்கத்தான் என்னிடம் வந்தாள்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பால் கேனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்காகத்தான் அப்பா கையைத் தூக்கவில்லை, அவளுக்காகத்தான் வாங்கவும் இல்லை என்றேன்.

"கை தூக்கியிருந்தா, எதிர்த்து நின்னான்னு சொல்லியிருப்பாங்க. வாங்கியிருந்தா, எங்ககிட்ட வாங்கித் தின்னவன்னு சொல்லியிருப்பாங்க. வாங்கலேன்னதும் இது." அழாமல்தான் சொன்னாள். "எப்படிப் பாத்தாலும் எனக்குத்தான் இல்லக்கா?"

பாலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். கதவருகில் நின்று, அப்பாவை எங்காவது பார்த்தால் தான் நன்றாக இருப்பதாகச் சொல்லச் சொன்னாள். சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள்.

கோடையில் மொத்தச் சந்தையில் கேரிம்குலைப் பார்த்தேன். தையல் கூடத்தை மூடிவிட்டு, கண்டெய்னர்களுக்கு நடுவில் சரக்கு ஏற்றிய தள்ளுவண்டி இழுத்துக்கொண்டிருந்தார். வழி விடுங்க என்று கத்திக்கொண்டே வந்தவர் என்னைக் கண்டதும் வண்டியை நிறுத்திவிட்டார், பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள். மெலிந்திருந்தார், ஆனால் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. பெண்ணைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போவதில்லை, வெறுங்கையோடு எப்படிப் போவது, கொஞ்சம் சேர்த்துக்கொண்டு போகவேண்டும் என்றார். எங்காவது பார்த்தீர்களா என்று கேட்டார்.

பார்த்தேன், பால் வாங்க வந்தாள், நன்றாக இருக்கிறாள் என்றேன். என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டார். புதுச் சட்டை என்றேன். உடம்பு தேறியிருக்கிறாளா என்றார். கன்னம் வைத்திருக்கிறது என்றேன். மாமனார் எப்படி என்றார். மகள் மாதிரி வைத்திருக்கிறார் என்றேன். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகப் பொய் சொன்னேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"மெஷின் போனா போகுதுக்கா. அன்னிக்கி மட்டும் நான் கையத் தூக்கியிருந்தேன்னு வைங்க, எம்பொண்ணு அந்த வீட்ல தலை நிமிந்து நிக்க முடியுமா, சொல்லுங்க?"